மகளுக்கு இன்சுலின் பம்பு பொருத்தலாமா?

வாசகர் கேள்விகளுக்குச் சர்க்கரை நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். என் மகளுக்கு 13 வயது. ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஓர் ஊசி, இரவு படுக்கும் முன் கிளார்ஜின் (நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) என நாளொன்றுக்கு நான்கு ஊசி போடுகிறோம். ஆறு மாதமாக எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 8.9-ஐ விட்டு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் சர்க்கரை 240, 260 என்று இருக்கிறது. அதற்காக இரவு ஊசியின் அளவைக் கூட்டினால் நள்ளிரவில் இறங்கிவிடுகிறது. சென்ற மாதம் இரவு இரண்டரை மணிக்கு வலிப்பே வந்துவிட்டது. எங்கள் மருத்துவர் பம்பு பற்றி யோசிக்கச் சொல்கிறார். நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். மெஷின் மாட்டும் அளவுக்கு நோய் முற்றிவிட்டதா என்று மாமியார் அழுகிறார். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்பது மகளின் கவலை. நாங்கள் என்ன முடிவெடுப்பது?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்: நோய் முற்றவில்லை. டைப் 1 நோயில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை என்பதால் முதல் நாளிலிருந்தே இன்சுலின் தேவைப்படுகிறது. பம்பு என்பது அதே இன்சுலினை வேறு வழியில் செலுத்தும் கருவி, அவ்வளவுதான். அடுத்து, வலிப்பு பற்றி. மீண்டும் அப்படி நேர்ந்தால் வாயில் சர்க்கரைத் தண்ணீரோ வேறெதுவுமோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை விரைவாக ஏற்றும் குளுகாகன் ஊசி இருந்தால் போட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த ஊசியை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் இரவுக் கணக்கில்தான் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இருக்கிறது. விடியற்காலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசோலும் கூடுதலாகச் சுரந்து இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். பருவமடையும் வயதில் இந்த ஏற்றம் இன்னும் அதிகமாக இருக்கும். ஆகவே உங்கள் மகளுக்கு இரவு இரண்டு மணிக்குக் குறைவான இன்சுலினும் ஐந்து மணிக்கு அதிகமான இன்சுலினும் தேவைப்படலாம். கிளார்ஜினோ ஒருமுறை போட்டுவிட்டால் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் ஓரளவு சீராக வேலை செய்வது. அதற்கு மணிக்கணக்குத் தெரியாது. காலைச் சர்க்கரையைக் குறைக்க அளவைக் கூட்டினால் நள்ளிரவில் இறங்குவதும், நள்ளிரவுக்காகக் குறைத்தால் காலையில் ஏறுவதும் உங்கள் கவனக்குறைவால் நேர்பவை அல்ல.

பம்பில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கிடையாது. விரைவாக வேலை செய்யும் இன்சுலினை மட்டும் நிரப்பி, தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய குழாய் வழியாக, நாள் முழுவதும் துளித்துளியாகச் செலுத்துவார்கள். நள்ளிரவில் மணிக்கு 0.4 யூனிட், நான்கு மணிக்கு மேல் 0.8 யூனிட் என்பது போல ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனி அளவை அமைக்க முடியும் (இவை விளக்கத்துக்கான எண்கள், உங்கள் மகளுக்கான அளவை அவளுடைய மருத்துவரே கணக்கிட வேண்டும்). சாப்பிடும்போது தேவையான கூடுதல் இன்சுலினைப் பொத்தானை அழுத்திச் செலுத்திக்கொள்ளலாம். இட்லிக்கு ஒரே தடவையிலும், கொழுப்பு மிகுந்து மெதுவாகச் செரிக்கும் பரோட்டா, பிரியாணி போன்றவற்றுக்கு ஒரு பகுதியை உடனேயும் மீதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரப்பியும் கொடுக்கலாம். ஆனால் தட்டில் உள்ள மாவுச்சத்து எத்தனை கிராம் என்று கணக்கிடும் வேலை உங்களை விட்டுப் போகாது. ஊசியின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. கவனிக்க வேண்டியவை குறையும் என்று நம்பி யாரும் பம்புக்கு மாற வேண்டாம்.

சாதாரணப் பம்புக்குச் சர்க்கரை இறங்குவது தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உடம்பில் ஒட்டியிருந்து சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாருடன் இணைந்து, சர்க்கரை இறங்கப்போவதைக் கணித்து, இன்சுலினைத் தானே நிறுத்தும் வகையே உங்கள் வீட்டு இரவு அச்சத்துக்குப் பொருத்தமானது. அதற்கும் மேலான வகைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. வாங்குவதென்றால் இப்படிப்பட்டதையே வாங்குங்கள். சென்சார் இல்லாமல் வாங்கினால், வலிப்புக்குப் பயந்து நீங்கள் விழித்திருக்கும் இரவுகள் அப்படியேதான் தொடரும்.

இப்போது பணம். கருவியின் விலை சில லட்சம் ரூபாய். நகையால் அதைச் சமாளித்துவிடலாம். அதன் பிறகு என்ன செய்வீர்கள் என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. பம்பிலிருந்து தோலுக்கடியில் இன்சுலினைக் கொண்டு சேர்க்கும் குழாயான இன்ஃபியூஷன் செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் மாதத்துக்குக் குறைந்தது பத்து செட் வேண்டும். அதோடு இன்சுலின் நிரப்பும் குப்பி, சென்சார், இன்சுலின் எல்லாம் சேரும். விற்பனைப் பிரதிநிதியிடம் மாதச் செலவை எழுதி வாங்கி, அதை 48-ஆல் பெருக்கி, நான்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மருத்துவக் காப்பீடு இதை ஏற்குமா என்பதையும் எழுத்து மூலம் கேட்டு அறியுங்கள். செட் வாங்கப் பணமில்லாமல் ஒரே செட்டை ஐந்தாறு நாள் ஓட்டி, தோலில் புண்ணும் கட்டுப்பாடற்ற சர்க்கரையுமாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் வாங்க இயலாத பம்பைவிட ஒழுங்காகப் போடும் நான்கு ஊசி பாதுகாப்பானது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டைப் 1 நோயாளிகள் 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு கண் விழித்திரை பாதிக்கப்படும் அபாயத்தை, தொடக்கத்தில் பாதிப்பு இல்லாதவர்களிடம், 76 சதவீதம் குறைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் பம்பு மூலமோ, தினம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகள் மூலமோ அடைந்தார்கள்.

ஆகவே முடிவுக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஊசி போடும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள்; ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கட்டி தட்டியிருந்தால் இன்சுலின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக உறிஞ்சப்படும், எந்த அளவும் கைகொடுக்காது. அடுத்து, 14 நாள் ஓடும் சென்சார் ஒன்றைப் பொருத்தி இரவுக் கோடு எப்படிப் போகிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். மாலை விளையாட்டு உள்ள நாளில் மட்டும் இறங்குகிறதா, இரவுச் சாப்பாட்டு ஊசியால் இறங்குகிறதா, எல்லா நாளும் இறங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். கிளார்ஜினுக்குப் பதிலாக இன்னும் சமனாக வேலை செய்யும் டெக்ளுடெக் பொருந்துமா என்றும் கேளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நள்ளிரவில் இறக்கமும் காலையில் ஏற்றமும் நீடித்தால், உங்கள் மகளுக்குப் பம்பு தேவை என்றே நான் சொல்வேன். மாதச் செலவுக்கு வழி இருந்தால் தயங்க வேண்டாம்.

வாங்கினால் ஓர் எச்சரிக்கையைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். குழாய் மடங்கினாலோ கழன்றாலோ உடம்பில் கையிருப்பு இன்சுலின் இருக்காது. சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்) ஏறத் தொடங்கும். காரணமின்றிச் சர்க்கரை 250-ஐத் தாண்டினால் கீட்டோன் பாருங்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவை இன்சுலின் பென் (பேனா வடிவ ஊசி) மூலம் போடுங்கள், செட்டை மாற்றுங்கள். பம்புக்கு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின்தான் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 40 யூனிட் குப்பியும் அதற்கான சிரிஞ்சும் சாதாரணமாகக் கிடைப்பதால், 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அவசரத்துக்குப் பென்னையே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளின் சம்மதத்தைக் கடைசியாக எழுதுகிறேன் என்றாலும் அது இல்லாமல் எதுவும் நடக்காது. சட்டைக்குள் மறைத்து அணியலாம் என்பதைக் காட்டுங்கள். பம்பு அணிந்த இன்னொரு பிள்ளையைச் சந்திக்க வையுங்கள். முடிந்தால், சலைன் நிரப்பிய பம்பைச் சில நாள் அணிந்து பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவள் மனம் ஒப்பாமல் மாட்டிவிட்டால் பள்ளிக்கழிவறையில் கழற்றி வைத்துவிடுவாள்.

கேள்வி: எனக்கு 27 வயது, 12 ஆண்டுகளாக டைப் 1. எச்பிஏ1சி 6.9, சர்க்கரை அதிகமாக இறங்குவதில்லை. தொழிற்சாலையில் சுழற்சி முறை வேலை. நண்பர்கள் பம்புக்கு மாறச் சொல்கிறார்கள். அவசியமா?
– ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அவசியமில்லை. பகல் ஷிப்டுக்கு ஒன்று, இரவு ஷிப்டுக்கு ஒன்று என அளவுகளைப் பம்பில் சேமித்து வைக்கலாம் என்பது வசதிதான். ஆனால் இத்தனை நல்ல கட்டுப்பாட்டை ஊசியிலேயே வைத்திருக்கும் நீங்கள், அந்தப் பணத்தில் முதலில் சென்சார் வாங்குங்கள். இரவு ஷிப்டு வாரங்களில் மட்டும் எண்கள் குலைகின்றன என்று அதில் தெரிந்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பம்பு அணிந்து இரண்டு மாதம் ஆகிறது. குளிக்கும்போது கழற்றலாமா? பொதுத்தேர்வு அறையில் அனுமதிப்பார்களா?
– பத்தாம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: குழாயுள்ள பம்பைக் குளிக்கும்போது கழற்றி வைக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றியே வைக்காதே, அம்மா. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் பம்பு, சென்சார் இரண்டையுமே கொண்டுபோகக் கூடாது. தேர்வுக்கு, இது மருத்துவக் கருவி என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கொடுத்து, தேர்வு மையத்திலிருந்து எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடு. குளுக்கோஸ் பொடியையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல். தேர்வு எழுதும்போது சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறிய பிறகே எழுதத் தொடங்கு.