ஊர்ப் பத்தி எழுத ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். எங்கள் பகுதி நலன்புரிச் சங்கம் வெளியிடும் சிறு பத்திரிகைக்குக் கிழமைக்கு ஒரு பத்தி எழுதித் தரும்படி கேட்கிறார்கள். சன்மானம் இல்லை. ஆசை இருக்கிறது, ஆனால் தாக்குப்பிடிப்பேனா என்று தெரியவில்லை. இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் கிழமைக்கு ஒன்று வேண்டாம், மாதம் இரண்டு தருகிறேன் என்று சொல்லுங்கள்.

புதிதாக எழுத வருகிறவர்கள் எழுதுகிற நேரத்தை மட்டுமே கணக்குப் பார்க்கிறார்கள். ஐந்நூறு சொல் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு விஷயம் சேர்க்கத்தான் நாள் எடுக்கும். முதல் நாலைந்து பத்திகள் உங்கள் ஞாபகத்திலிருந்தே வந்துவிடும். பள்ளிக்கூட நாட்கள், கடற்கரை ரயில் பாதை, பழைய அயலவர்கள். அப்புறம் கைச்சரக்கு தீர்ந்துபோகும். பலர் நின்றுபோவது அந்த இடத்தில்தான். அதற்கு மேலே எழுத வேண்டுமென்றால் வீட்டைவிட்டு இறங்கி நாலு பேரிடம் கதைக்க வேண்டும்.

உதாரணமாக, உங்கள் ஒழுங்கையில் ஒரு தையல்கடை மூடப்போகிறது என்று வையுங்கள். 'பல வருடம் சேவையாற்றிய கடை மூடப்படுவது கவலைக்குரியது' என்று வீட்டிலிருந்தே எழுதலாம். யாரும் இரண்டாவது வரிக்குப் போகமாட்டார்கள். கடைக்குப் போய் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். அளவு எழுதிய கொப்பிகளை என்ன செய்யப்போகிறார், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் சட்டைகள் எத்தனை கிடக்கின்றன, அதில் வெளிநாடு போனவர்களுடையது எது, மெஷினை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். இத்தனையும் எழுதினால் அந்தப் பத்தியை வெட்டி லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். கவலை என்ற சொல்லை நீங்கள் எழுதவே தேவையில்லை.

ஆடிவேல் தேர்த் திருவிழா போல ஆண்டுதோறும் வருகிற விஷயங்கள் இன்னொரு சிக்கல். செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வந்தது என்று எத்தனை தடவை எழுதுவது? ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். ஒரு வருடம் தேருக்கு மாலை கட்டுகிறவர், அடுத்த வருடம் வீட்டு வாசலில் நிறைகுடம் வைக்கிற அம்மா. விழா அவர்கள் பக்கத்தில் தானாக வந்துவிடும்.

பெயர் விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். என் அனுபவத்தில் பத்தி எழுதுகிறவர்மீது ஊர் கோபப்படுவது கருத்துக்காகக் குறைவு, பெயருக்காகவே அதிகம். தலைப்பெழுத்து, சொந்த ஊர், இன்னாரின் மருமகன் என்ற உறவு, இறந்தவர் பற்றியதென்றால் திகதி, எல்லாவற்றையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். நினைவுக் குறிப்பில் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டால் அந்த வீட்டார் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள், அது நியாயமும்தான். தெருப்பெயரும் அப்படியே. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை மூத்தவர்கள் இன்றும் ஹை ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள். முதல் தடவை இரண்டையும் எழுதிவிடுங்கள்.

குறைகளை எழுதாமல் இருக்கவும் முடியாது. மழைக்குக் கால்வாய் ஓரம் வெள்ளம் நிற்கிறது, குப்பை அள்ளவில்லை என்று ஆட்கள் உங்களிடம்தான் வருவார்கள். கேட்டதை அப்படியே எழுதாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் மாநகர சபையிடம் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்தப் பதிலை வைத்து எழுதும் பத்திக்கு இருக்கும் பலமே வேறு. தனியாள் ஒருவரைக் குற்றம் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை. அவதூறு 2002 முதல் இங்கே குற்றவியல் குற்றம் அல்ல, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அதைவிட, அந்த ஆளை நாளைக்கு மரக்கறிக் கடையில் சந்திப்பீர்கள். அவருடைய பக்கத்தையும் கேட்டுவிட்டு எழுதினால் தலைநிமிர்ந்து பேசலாம்.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? பணம் இல்லை. முதல் சில மாதம் பாராட்டும் அவ்வளவாக இருக்காது, அச்சுப்பிழையைச் சொல்லத்தான் அழைப்பு வரும். ஒரு வருடம் தவறாமல் எழுதிவிட்டால் நிலைமை மாறும். விஷயம் உங்களைத் தேடி வரும். அலுமாரியில் கிடந்த கல்யாணப் படத்தைக் கொண்டுவருவார்கள். எழுபத்தேழு, எண்பத்து மூன்று இனக்கலவரங்களில் நடந்ததைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவர், 'டீச்சர், இதை எழுதி வைக்க வேணும்' என்று உங்களிடம் சொல்லுவார். ஒரு ஊர் தன் கதையை நம்பி ஒருவரிடம் ஒப்படைப்பதைவிடப் பெரிய சன்மானம் எனக்குத் தெரியாது. இதற்காகவே நான் எல்லாரையும் எழுதச் சொல்லுகிறேன். இந்த நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி இடம்பெயர்ந்தன, வீடுகள் தொடர்மாடிகளாயின. சின்ன ஒழுங்கைகளின் கதையை வேறு யாரும் பதிந்து வைக்கவில்லை.

ஆகவே எழுதியதைப் பத்திரப்படுத்துங்கள். யூனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வருட முடிவில் ஒரு பிரதியை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். 1942இல் தொடங்கிய சங்கம் அது. 2005 முதல் இலங்கைத் தமிழ் எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கும் இன்னொன்றை அனுப்பிவிடுங்கள்.

சங்கத்தாருக்கு இப்போதே ஓம் சொல்லிவிடாமல் முதலில் மூன்று பத்திகள் எழுதிக் கையில் வையுங்கள். காய்ச்சல் வந்தால், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துவிட்டால் அந்த இருப்பு உங்களைக் காப்பாற்றும். நீங்கள் பார்க்காமல் எதையும் திருத்தக்கூடாது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் திகதி சொல்லுங்கள்.