ஹேஷா, ஆங்கரா, ஃபிராக்மென்ட்டா?

கேள்வி: வெப் டெவலப்மென்ட் படித்துக்கொண்டே எங்கள் ஹோம்ஸ்டேவுக்கு ஓர் இணையதளம் செய்கிறேன். முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதை ஒரு பாடத்தில் ஆங்கர் என்கிறார்கள், இன்னொன்றில் ஹேஷ், வேறொன்றில் ஃபிராக்மென்ட் ஐடென்டிஃபையர். மூன்றும் ஒன்றுதானா? அப்புறம், சர்வருக்கு வரும் கோரிக்கைகள் பதிவாகும் லாகில் அந்தப் பகுதி மட்டும் பதிவாகவே இல்லை. எங்கே தப்பு செய்தேன்?
- வாசகி, குன்னூர்

பதில்: நீங்கள் தப்பே செய்யவில்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். # குறிக்குப் பின்னால் இருப்பதை பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சர்வருக்கு அனுப்பாது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி குன்னூருக்கு டிக்கெட் எடுக்கிறோம். இறங்கியபின் சிம்ஸ் பார்க் போகிறோமா, மார்க்கெட் போகிறோமா என்பது கண்டக்டருக்குத் தெரியவேண்டியதில்லை, அப்படித்தான் இதுவும். சந்தேகமாக இருந்தால் நீங்கள் செய்த பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அதில் 'கட்டணம்' போல # வைத்துச் செய்த இணைப்பு ஒன்றைத் தட்டுங்கள். சிக்னலே இல்லாமல் அந்த இடத்துக்குப் போய் நிற்கும்.

இப்போது பெயர்க் குழப்பம். முறையான பெயர் ஃபிராக்மென்ட்தான், முகவரி இலக்கணத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3986 (2005) என்ற இணைய விதிமுறை ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முந்தைய 1998ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 2396, ஃபிராக்மென்ட்டை முகவரியின் பகுதியாகவே எண்ணவில்லை, கூடவே வருகிற ஒன்று என்றுதான் வைத்திருந்தது. பழைய பாடங்களும் புதிய பாடங்களும் முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆங்கர் என்பது எச்டிஎம்எல்லின் 'ஏ' டேகின் பெயர். ஒரு காலத்தில் அந்த டேகிலேயே 'நேம்' கொடுத்து, போய்ச் சேரவேண்டிய இடத்தைக் குறித்தார்கள். இப்போது எந்த டேகிலும் 'ஐடி' கொடுத்தால் போதும், ஆனால் பேச்சில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹேஷ் என்பது # குறியின் பெயர், ஜாவாஸ்கிரிப்ட் அதையே எடுத்துக்கொண்டது. ஜாவாவின் பழைய யூஆர்எல் வகுப்பில் இதற்கே 'ரெஃப்' என்று நான்காவது பெயரும் உண்டு! பாஸ்வேர்டைச் சேமிக்கும்போது பேசுகிற ஹேஷும், ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் வருகிற ஃபிராக்மென்ட்டும் முற்றிலும் வேறு, அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

பெயர் மாறினால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் 'லொகேஷன்.ஹேஷ்' கேட்டால் # குறியும் சேர்ந்து வரும், முகவரியைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் பைத்தானின் 'யூஆர்எல்பார்ஸ்' தருகிற ஃபிராக்மென்ட்டில் குறி இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. நீங்கள் 'கட்டணம்' என்று தமிழில் ஐடி வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: தட்டினால் சரியாகத்தான் போகும், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் கையில் கிடைப்பது சதவீதக் குறிகளும் எழுத்துகளும் கலந்த நீண்ட சரம், 'டிகோட் யூஆர்ஐ காம்பொனென்ட்' போட்டுத்தான் தமிழை மீட்க வேண்டும்.

வரிசையையும் பாருங்கள். '/அறைகள்?மாதம்=மே#கட்டணம்' என்பது சரி. கோத்தகிரியில் ஒரு கடைக்குப் பக்கம் செய்தபோது நான் '#கட்டணம்?மாதம்=மே' என்று மாற்றி எழுதிவிட்டேன். # வந்தபிறகு கேள்விக்குறிக்கு எந்த மதிப்பும் இல்லை, மொத்தமும் ஃபிராக்மென்ட்டாகிவிடும். சர்வருக்கு மாதமே போய்ச் சேரவில்லை, அது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க சர்வர் பக்கமே பிழை தேடினேன். உங்களுக்கு அந்த சாயங்காலம் மிச்சமாகட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: இணைப்பைத் தட்டினால் சரியான இடத்துக்குத்தான் போகிறது, ஆனால் தலைப்பு மட்டும் மேலே நிற்கும் மெனு பட்டைக்கு அடியில் மறைந்துவிடுகிறது.
- வாசகர், கொடைக்கானல்

பதில்: பட்டை நகராமல் நிற்பதால் வருகிற தொல்லை இது. தலைப்புக்கு சிஎஸ்எஸ்ஸில் 'ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப்' கொடுங்கள், பட்டை 60 பிக்சல் உயரம் என்றால் 70 வையுங்கள். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையே இல்லை.