நாளுக்கு 100 கிலோமீட்டர், 6 நாள்: நிதி திரட்டும் சைக்கிள் பயணம் பற்றிய கேள்வி பதில்

வசதி இல்லாத குழந்தைகளின் படிப்புக்குப் பணம் திரட்ட, 25 பேர் கொண்ட குழு ஒன்று 600 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குத் தயாராகிறது. அவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே. சாலை விதிகளும் நன்கொடை, வரி விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் ஊர் விதிப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: இப்போது ஒரே மூச்சில் 30 கிலோமீட்டர் ஓட்ட முடிகிறது. இன்னும் 12 வாரம் இருக்கிறது. முடியுமா?

முடியும். ஆனால் ஒரு நாளில் 100 ஓட்டிப் பழகினால் மட்டும் போதாது. பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இரண்டாம், மூன்றாம் நாள் காலையில்தான். முதல் நாள் களைப்போடு மறுபடியும் ஏறி உட்காரும் பழக்கம் உடம்புக்கு வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம் என்று தொடங்குங்கள். நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு 10 முதல் 15 சதவீதம் வரை கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். எட்டாம் வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். முதலில் 50, 40. பத்தாம் வாரத்தில் 80, 70. கடைசி வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் கூடுதலாக ஓட்டுவதால் பலம் ஏறாது, களைப்புதான் சேரும்.

கே: புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

அளவு சரியாக இருந்தால் இருப்பதே போதும். பயணத்துக்கு ஒரு மாதத்துக்குள் புது சைக்கிள், புது சீட், புது ஷூ எதையும் மாற்ற வேண்டாம். பழகாத பொருள் மூன்றாம் நாளில் காயமாக வெளிவரும்.

செலவு செய்வதானால் டயரிலும் செயினிலும் செய்யுங்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் 28 முதல் 35 மில்லிமீட்டர் அகல டயர் நல்லது. செயின் தேய்ந்திருக்கிறதா என்று சாதாரண இரும்பு ஸ்கேலிலேயே பார்க்கலாம். செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 அங்குலம் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 12-ஆம் அங்குலக் கோட்டில் இன்னொரு பின் சரியாக உட்காரும். அந்தப் பின் பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் புதுச் செயினை மட்டும் போட்டால் மேட்டில் மிதிக்கும்போது வழுக்கும்.

கே: 40 கிலோமீட்டர் தாண்டினால் முட்டி வலிக்கிறது.

எந்தப் பக்கம் வலிக்கிறது என்று பாருங்கள். முட்டிச் சிப்பியைச் சுற்றி முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், அல்லது கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறீர்கள். மடிப்பின் பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கலாம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டியில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு இருக்கும். உயரத்தை மாற்றும்போது ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்றுக்குப் பக்கத்தில் மிதியுங்கள். வீக்கம் இருந்தாலோ, ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

கே: உட்காரும் இடத்தில் புண் வராமல் இருக்க?

பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் தோலை அறுக்கிறது. ஓட்டம் முடிந்ததும் ஈரத் துணியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்காமல் உடனே கழற்றிக் குளியுங்கள். மூன்று ஷார்ட்ஸ் இருந்தால் ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று அரை நிமிடம் ஓட்டுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவதற்கும் இதே மருந்து, அழுத்தத்தைக் குறைப்பது. பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள், மணிக்கட்டை மடிக்காதீர்கள்.

கே: ஒரே சக்கரம் திரும்பத் திரும்பப் பஞ்சர் ஆகிறது. டியூப் மாற்றியும் நிற்கவில்லை.

காரணத்தை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். கழற்றும் முன் வால்வு இருக்கும் இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அந்தக் குறிக்கு நேராக வைத்துப் பார்த்தால் டயரில் எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ கம்பித் துணுக்கோ இன்னும் டயரில் இருக்கிறது. லாரி டயர் வெடித்துச் சிதறும் கம்பி மயிரிழைபோல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு துணியை டயரின் உட்புறம் மெதுவாக ஓட்டினால் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. உள்பக்கம், அதாவது ரிம்மைத் தொடும் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகி, துளையின் விளிம்பு வெட்டுகிறது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

ஒட்டுப் போடும்போது பசை தடவிய உடனே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பசையின் ஈரப் பளபளப்பு மறைய ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை காத்திருங்கள்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு டியூப், டயரைக் கழற்றும் இரண்டு லீவர், ஒட்டுப் பெட்டி, பம்பு, செயின் இணைப்பு ஒன்று இருக்கட்டும். ஸ்போக், பிரேக் கட்டை, கேபிள், மாற்று டயர் எல்லாம் கூடவே வரும் உதவி வண்டியில் வரட்டும். பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்குகளில்தான் இறுக்கம் அதிகம், அடிக்கடி உடைவதும் அவைதான். அவற்றை மாற்றப் பெரும்பாலும் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்தக் கருவியை மறந்துவிட்டால் வண்டியில் ஸ்போக் இருந்தும் பயனில்லை.

கே: மணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாப்பாடு?

மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் தாமதம், முதல் 45 நிமிடத்திலேயே தொடங்குங்கள். தண்ணீர் பொதுவாக மணிக்கு 500 முதல் 750 மில்லி, வெயிலில் கூடும். பயிற்சியில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், குடித்தது போக இன்னும் ஏறக்குறைய ஒரு லிட்டர் உடம்பு இழந்திருக்கிறது.

எடை கூடியிருந்தால் அது ஆபத்தான அறிகுறி. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பமான பேச்சு வரும். இதை நீரிழப்பு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கே: 25 பேரும் ஒன்றாகப் போகலாமா?

வேண்டாம். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரியுங்கள். குழுக்களுக்கு நடுவே பின்னால் வரும் வாகனம் முந்தி உள்ளே வர இடம் வேண்டும். உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்கு விலகினால் சக்கரங்கள் உரசும், விழுவது பின்னால் வருகிறவர்தான். குழுவின் கடைசி ஆள் நிதானமானவராக இருக்கட்டும். யாரையும் தனக்குப் பின்னால் விடாமல் வருவது மட்டுமே அவர் வேலை.

நேரக் கணக்கை உண்மையாகப் போடுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். ஓய்வு நிறுத்தங்கள், சாப்பாடு, இரண்டு மூன்று பஞ்சர் சேர்த்தால் 7 மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பகல் 1 மணி ஆகும்.

கே: நன்கொடைப் பணத்திலிருந்து தங்கும் செலவை எடுக்கலாமா?

என் கருத்து, கூடாது. கொடுப்பவர் குழந்தையின் படிப்புக்குக் கொடுக்கிறார், உங்கள் ஓட்டல் அறைக்கு அல்ல. பயணச் செலவை ஓட்டுபவர்களின் பதிவுக் கட்டணத்திலும் விளம்பரதாரர்களிடமும் வாங்குங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். வேறு வழியே இல்லை என்றால், எவ்வளவு எடுக்கப்படும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிச் சொல்லுங்கள்.

உதவி பெறும் நிறுவனத்திடம் இந்தப் பணம் எந்தச் செலவுக்கு, எந்த மாதம் தேவை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கட்டணத்துக்கு ஆள் கிடைத்துவிடுகிறார்கள். பஸ் செலவுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கிடைப்பதில்லை, பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது அதனாலும்தான்.

கே: குழந்தைகளைக் கொடியசைக்க அழைத்து, படம் எடுத்துப் போட்டால் நன்கொடை கூடுமே?

கூடலாம், ஆனாலும் செய்யாதீர்கள். "உதவி வாங்கிய பிள்ளை" என்று ஒரு படம் இணையத்தில் ஏறினால், அந்தப் பிள்ளை பெரியவராகி வேலை தேடும்போதும் அங்கேயே இருக்கும். முகம், பெயர், பள்ளிச் சீருடை, இடம் எதுவும் வேண்டாம். "40 பிள்ளைகளுக்கு ஒரு வருட பஸ் செலவு" என்பதுபோல் தெளிவான இலக்கைச் சொல்லுங்கள். சைக்கிளையும் சாலையையும் படம் எடுங்கள். குழந்தைகள் இல்லத்துக்குப் போவதானால் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிப்படி, பொறுப்பாளர் உடனிருக்க மட்டும் போங்கள்.

கே: கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் நான்காம் நாள் உடம்பு முடியாமல் நின்றுவிட்டால்?

இந்த முறையே எனக்குப் பிடிக்காது. காய்ச்சலோடும் ஒருவரை ஓட்ட வைப்பது இதுதான். "எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் முழுத் தொகையும் குழந்தைகளுக்குப் போகும்" என்று நன்கொடைப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்களுக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். பயணத்துக்கு முன்பே கேட்டால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.