ஸ்கேனில் மனச்சோர்வு தெரியுமா? பாளையங்கோட்டை மனநல மருத்துவரிடம் கேட்டவை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா: பிளஸ் ஒன் படிக்கிற மகள் மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மனச்சோர்வு என்று தெரிந்துவிடுமா டாக்டரம்மா?

தெரியாதும்மா. எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு ஏராளமானவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வுள்ள வளரிளம் பிள்ளைகளுக்கு மூளையின் மேலடுக்கான புறணியின் பரப்பு சராசரியாகக் கொஞ்சம் குறைவு, பெரியவர்களுக்கோ சில இடங்களில் அதன் தடிமன் குறைவு என்று சொன்னது. அது கூட்டத்தின் சராசரி. சேரன்மகாதேவிப் பிள்ளைகள் களக்காட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியாக அரை அங்குலம் குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், உயரத்தை அளந்து ஒரு பிள்ளை எந்த ஊர் என்று சொல்ல முடியுமா? வலிப்பு, தலையில் அடி மாதிரி ஏதாவது இருந்தால்தான் நாங்களே ஸ்கேன் கேட்போம். அந்தப் பணத்தில் தைராய்டும் ரத்தசோகையும் பாருங்கள், அப்புறம் மகளைக் கூட்டி வாருங்கள், அவள் பேசுவதில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது.

வள்ளியூர், வயது 17: பரீட்சை என்றாலே நெஞ்சு படபடக்கிறது அக்கா. மூளையில் அமிக்டலா என்ற பகுதி பெரிதாகிவிட்டதா?

அளவை விடு தம்பி, பெரிது என்று சொன்ன ஆய்வும் உண்டு, சிறிது என்று சொன்னதும் உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிக்கிற இடம் அது, பதற்றம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் வேகமாகக் குரைக்கும். அதை அடக்குகிற நெற்றிப்பக்க மூளை முழுசாகப் பக்குவப்பட 25 வயது வரைகூட ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம், பதற்றத்தைக் கையாளச் சொல்லித்தருகிற பேச்சு சிகிச்சை இப்போதே பலன் தரும்.

சங்கரன்கோவில் அண்ணாச்சி ஒருவர்: மகனுக்கு மூளை சுருங்கியிருக்குமோ?

அந்தச் சொல்லே வேண்டாம் அண்ணாச்சி. வளரும் வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் புறணி மெலியும், தேவையில்லாத இணைப்புகளை மூளை கழித்துவிடுகிறது. நினைவுக்கு உதவுகிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சற்றுச் சிறிதாக இருப்பது, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும் சின்ன வயதிலேயே தொடங்கியவர்களிடமும்தான் கூடுதலாகக் காணப்பட்டது. அதுவும் சராசரிதான்.

கடையநல்லூரிலிருந்து: பேத்திக்குக் கோட்டி (பைத்தியம்) பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

திருநீறு பூசுங்கள், தடுக்க மாட்டேன். கோட்டி என்ற சொல் மட்டும் அந்தப் பிள்ளை காதில் விழக் கூடாது. பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், இங்கே வருவதானால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டால் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரியிலும். சாக வேண்டும்போல இருக்கிறது என்று அவள் ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே கூட்டி வாருங்கள், தனியாக விடாதீர்கள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து இருந்தால் இன்றே வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள்.