மூட்டு தேயும் என்று உட்கார்ந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு வலது முட்டியில் தேய்மானம் என்றார்கள். "நடக்க நடக்க இன்னும் தேயும், பேசாமல் உட்கார்" என்கிறார் நாத்தனார். மகளோ தினமும் வாக்கிங் போகச் சொல்லி ஷூ வாங்கித் தந்திருக்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பிசியோதெரபிஸ்ட் பதில்: மகள் பேச்சைத்தான். ஆனால் ஷூவை மாட்டுவதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது.

நாத்தனார் முட்டியை வண்டி டயராக நினைக்கிறார். முட்டிக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புதான் தேய்வது; அது உயிருள்ளதம்மா. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் சாப்பாடு. காலை மடக்கி நீட்டினால்தான் அது ஒழுங்காகப் போய்ச் சேரும். அசையாமல் இருந்தால் தொடைத் தசை சூம்பும், முட்டிக்குப் பாரம் கூடும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வலிக்கிற பக்கத்துத் தொடை இளைத்திருக்கும். புடவைக்குள் தெரியாது. டேப் வைத்து அளந்து காட்டினால்தான் நம்புவார்கள்.

அதனால் முதலில் தொடை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வையுங்கள். துண்டு நசுங்கும்படி முட்டியைக் கீழே அழுத்தி, 5 எண்ணும்வரை பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். காலையில் 10 முறை, மாலையில் 10 முறை. வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்க மாட்டீர்கள். இது பழகியதும் நாற்காலியில் எழுந்து உட்காருகிற பயிற்சி. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் வேண்டாம். தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கி உட்காருவதில்தான் விஷயமே இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோரம் போடுங்கள், வழுக்கும்.

அப்புறம் நடை. வண்டிகள் கிளம்பும் முன் மகாமகக் குளத்தெருவில் 10 நிமிடம் போதும். லேசாக வலித்தால் பரவாயில்லை. நடந்து முடித்து 2 மணி நேரமாகியும் வலி கூடுதலாகவே இருந்தால், மறுநாள் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். கைத்தடி தேவைப்பட்டால் இடது கையில். வலிக்கிற பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தப்பு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

எடை பற்றி நீங்கள் எழுதவில்லை. கூடுதலாக இருந்தால், 1 கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு சுமார் 4 கிலோ பாரம் மிச்சம்.

முட்டி சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ, கூடவே காய்ச்சல் அடித்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம்; அதற்கு மருந்தே வேறு.