ஆய்விதழில் தீர்ப்பு யாருடையது?

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மைக்கும் இறால் பிடிபாட்டுக்கும் உள்ள தொடர்பு பற்றிய என் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மதிப்பீட்டாளர் இருவருள் ஒருவர் சிறு திருத்தத்துடன் வெளியிடலாம் என்றார். மற்றவர், மே முதல் ஆகஸ்ட் வரை மட்டுமே நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டதால் முடிவை ஏற்க இயலாது என்றார். பிரதம ஆசிரியர் தம் காரணம் எதுவும் எழுதாமல் நிராகரித்துவிட்டார். கருத்துகள் சமமாக இருக்கையில் அவர் அப்படிச் செய்யலாமா?
— வாசகி, வந்தாறுமூலை

பதில்: செய்யலாம். மதிப்பீட்டாளர்கள் ஆலோசனை கூறுகிறார்கள். ஏற்பதா, திருத்தி வாங்குவதா, திருப்பி அனுப்புவதா என்று தீர்மானித்து அதற்குப் பொறுப்பேற்பவர் ஆசிரியரே. இருவரும் பாராட்டிய கட்டுரையில் அவர்கள் காணாத பிழையைத் தாம் கண்டால் அவர் அதைத் திருப்பி அனுப்பலாம். கருத்துகள் முரண்பட்டால் மூன்றாமவரின் கருத்தைக் கேட்கலாம். பல ஆய்விதழ்களில் ஆசிரியருக்கு மட்டுமான தனிக்குறிப்பு எழுதவும் மதிப்பீட்டாளருக்கு இடமுண்டு. அது உங்கள் கைக்கு வருவதில்லை.

இரண்டாமவரின் காரணம் கனமானது என்றே கருதுகிறேன். மாரி மழை பெய்து முகத்துவாரம் திறந்தபின் வாவி நீர் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதை நம் மீனவர்கள் நன்கறிவார்கள். கோடை மாதங்களின் அளவீட்டை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்வது பொருந்தாது.

ஆனால் ஆசிரியர் தம் காரணத்தை எழுதாதது குறைதான். 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிட்டு அனுப்பிய கட்டுரையை, 'பிசிக்கல் ரிவியூ' ஆசிரியர் ஜோன் டேட் மதிப்பீட்டுக்கு அனுப்பி, பிழை சுட்டிய நீண்ட அறிக்கையை அவர்களிடம் சேர்ப்பித்துப் பதில் கேட்டார். ஐன்ஸ்டைன் சினந்து கட்டுரையை மீளப் பெற்றார். எனினும் 1937இல் வேறோர் இதழில் அது வெளியானபோது முடிவு திருத்தப்பட்டிருந்தது. புகழுக்கு அஞ்சாமலும், கதவை அடைக்காமலும், குறையை எழுத்தில் காட்டி விளக்கம் கேட்ட அந்த நடைமுறையை ஒவ்வோர் ஆசிரியரிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு.

ஆகவே, தீர்மானத்தின் காரணத்தைக் கேட்டுப் பணிவாகக் கடிதம் எழுதுங்கள். அறிக்கையில் தகவற்பிழை இருந்தால் பக்க எண்ணுடன் காட்டுங்கள். ஒருவர் ஆதரித்தார் என்பதை மட்டும் வாதமாக வைக்காதீர்கள். மேன்முறையீடு செய்தால், அது முடியும்வரை வேறோர் இதழுக்கு அனுப்பாதீர்கள். இயலுமாயின் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதிரிகளையும் சேர்த்து எழுதுங்கள். அக்கட்டுரையை வாசிக்க நானும் காத்திருக்கிறேன்.