தாத்தாவின் ஆஸ்டினுக்கு எந்த இன்சூரன்ஸ்?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். என் தாத்தா 1951-ல் வாங்கிய ஆஸ்டின் ஏ-40 கார் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. மூன்று வருடமாக டிங்கரிங், பெயின்ட், எஞ்சின் வேலை என்று ஏறக்குறைய 7 லட்சம் செலவழித்திருக்கிறேன். ஆர்.சி. அப்பா பெயரில். அவர் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அம்மாவும் அக்காவும் இருக்கிறார்கள். ஏஜென்ட் வருடா வருடம் அப்பா பெயரிலேயே தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் போட்டுத் தருகிறார். ஃபுல் இன்சூரன்ஸ் கேட்டால், இவ்வளவு பழைய வண்டிக்கு ஐ.டி.வி. (பாலிசியில் எழுதும் வண்டியின் மதிப்பு) 40,000-க்கு மேல் சிஸ்டம் ஏற்காது என்கிறார். 'வின்டேஜ்' என்று பதிவு செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். ஞாயிறு கோயிலுக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் ஓட்டுகிறேன். ஒரு போட்டோ ஸ்டூடியோ கல்யாண ஷூட்டுக்கு நாள் வாடகை 12,000 தருவதாகச் சொல்கிறது. என்ன பாலிசி எடுக்கட்டும்?

பதில்: எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அந்த நாளில் ஆஸ்டின் கார்களைப் பாகம் சேர்த்துத் தயாரித்துக்கொண்டிருந்தது, லேலண்ட் பெயர் அதோடு சேர்ந்தது பிறகுதான். உங்கள் வண்டி அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: பாலிசி இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது.

பாலிசி வைத்திருப்பவர் இறந்தால் அது மூன்று மாதம் வரையோ, அதற்கு முன் காலாவதியானால் அதுவரையோதான் செல்லும் என்று வழக்கமான பாலிசி வாசகத்திலேயே இருக்கிறது. அந்தக் கால அவகாசம் வாரிசுகள் பெயரை மாற்றிக்கொள்வதற்காகக் கொடுத்தது. அதற்குப் பிறகும் இறந்தவர் பெயரில் பிரீமியம் கட்டினால் ரசீது வரும். விபத்து நடந்தால் நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ரசீதைத்தான். அதனால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அம்மாவிடமும் அக்காவிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, படிவம் 31 வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். பழைய கார் என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அந்தத் தேதியையும் அப்போதே பாருங்கள். பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் எடுத்தது பாலிசியின் அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் நரிந்தர் சிங் வழக்கில் சொல்லி, கிளெய்மே கிடையாது என்று முடித்தது.

அப்புறம் நண்பர் சொன்ன வின்டேஜ். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஆர்.டி.ஓ. ஒரு அர்த்தம் வைத்திருக்கிறது, இன்சூரன்ஸ்காரர்கள் வேறொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டி வின்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். இன்சூரன்ஸ் பக்கம் பழைய மோட்டார் டாரிஃபில் (எல்லா நிறுவனத்துக்கும் ரேட்டையும் வாசகத்தையும் நிர்ணயித்த பொது விதிநூல்) இருப்பது வேறு கணக்கு. 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்று தந்த கார்தான் வின்டேஜ். அப்படிப்பட்ட காருக்கு மட்டும், முழுசாகப் போனால் பாலிசியில் எழுதிய தொகையைத் தேய்மானம் கழிக்காமல் அப்படியே தரும் 'அக்ரீட் வேல்யூ' பாலிசியை அந்த டாரிஃப் அனுமதித்தது. ரேட்டை 2007-ல் அவிழ்த்துவிட்டாலும் வாசகங்கள் பெரும்பாலும் அதே வார்ப்புதான். உங்கள் 1951 கார் ஆர்.டி.ஓ. கணக்கில் வின்டேஜாகலாம், இன்சூரன்ஸ் கணக்கில் 11 வருடம் பிந்தி வந்துவிட்டது.

ஆர்.டி.ஓ.வில் வின்டேஜாகப் பதிந்தால் ஒரு லாபம் உண்டு. 2022 ஜூனில் வந்த விதிப்படி தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. ஏ-40-யின் 1,200 சி.சி. எஞ்சினுக்கு 3,416 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 1,708. ஆனால் வின்டேஜ் பதிவுள்ள வண்டியை அன்றாடத் தேவைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான் எடுக்கலாம். வருடத்துக்கு 1,708 ரூபாய் மிச்சம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைக் கோயிலை விடுவீர்களா? நான் விடமாட்டேன். சாதாரணப் பதிவிலேயே வைத்திருங்கள்.

இப்போது ஐ.டி.வி. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு, தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு, அட்டவணைத் தேய்மானம் கிடையாது. நீங்களும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி. 'சிஸ்டம் ஏற்காது' என்பது ஏஜென்டின் கம்ப்யூட்டர் திரை சொல்வது, சட்டம் சொல்வது அல்ல. 40,000-க்குக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை வக்கீலான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் கதையாகச் சொல்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது, அவர் வீட்டு மாமரக் கிளை ஃபியட் 1100 மேல் விழுந்தது. பானட்டும் இடது மட்கார்டும் நசுங்கின, கண்ணாடி போனது; எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. எஸ்டிமேட் 60,000. ஐ.டி.வி. 35,000. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்': பழுது பார்க்கப் பணம் தராமல், ஐ.டி.வி. அளவில் கணக்கை முடித்துவிடுவார்கள். அதாவது 26,250 ரூபாய்க்கு மேல் எந்த அடி பட்டாலும் அந்தக் கார் காகிதத்தில் செத்த கார். மனிதர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "சார், வண்டி ஸ்டார்ட் ஆகுது சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையெழுத்து அவருடையது, என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே ஏஜென்டை விட்டுவிட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். உரிமம் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, அதோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரின்ட், நான்கு பக்கமும் எடுத்த போட்டோ, டிங்கர், குரோம் பிளேட்டிங் கடை, எஞ்சின் மெக்கானிக் மூவரின் பில்கள் எல்லாம் வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் இப்போதே முறையான பில்லாக மாற்றி வாங்குங்கள். 7 லட்சம் செலவழித்ததால் 7 லட்சம் ஐ.டி.வி. தருவார்கள் என்று எண்ண வேண்டாம். செலவு வேறு, விலை வேறு. ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்று.

நல்ல ஐ.டி.வி. கிடைத்தாலும் சின்னப் பழுதில் முழுப்பணம் வராது. 10 வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கும் ரப்பர், டயர், பேட்டரிக்கும் 50 சதவீதம் தேய்மானமாகப் பிடிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை. இந்தப் பிடித்தம் இல்லாத 'ஜீரோ டெப்' பாலிசியை இந்த வயசு வண்டிக்குப் பெரும்பாலும் தருவதில்லை. யாருமே பெரிய ஐ.டி.வி.க்கு முழு பாலிசி தராவிட்டால், தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துக் கேளுங்கள். மாதத்தில் 26 நாள் ஷெட்டில் நிற்கும் காருக்கு அது மோசமான ஏற்பாடு இல்லை.

கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்துப் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. (எங்கள் வக்கீல் சங்கத்தில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.)

கடைசியாக அந்த 12,000. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு விடுவது உபயோக வரம்புக்கு வெளியே. சொந்தக் காரை வாடகைக்கு விட்டு விபத்தான ஒரு வழக்கில், 2010-ல், அமலேந்து சாஹூ என்பவருக்கு உச்ச நீதிமன்றம் ஒரு பகுதித் தொகையாவது கிடைக்கச் செய்தது உண்மை. அதற்கு அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் அடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கக் கேட்கலாம். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் தனி. ஸ்டூடியோவுக்கு ஆசையென்றால் வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றி இறக்கட்டும், சாவி அவர்கள் கைக்குப் போகக் கூடாது, எந்தச் சேதத்துக்கும் தாங்களே பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுதித் தரட்டும். அப்போதும் உங்கள் பாலிசியை நம்பி அதைச் செய்யாதீர்கள். மாமா பெண் கல்யாணத்துக்குச் சும்மா ஓட்டினால் சிக்கல் இல்லை. ஆனால் மாமா பாசத்தில் 'கார் வாடகை' என்று குறிப்பெழுதி ஜிபேயில் 5,000 அனுப்பினால், அதே நிமிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள்.